அம்மாவின் இடது பக்கம்

போன மாதம் ஒருநாள் காலையில் புரண்டு படுத்ததும் அறை சுற்ற ஆரம்பித்தது. கரண்ட் இல்லை, மின்விசிறி நின்றுகொண்டிருந்தது, சுவர்கள்தான் சுற்றின. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். மூடினால் இன்னும் வேகம். டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அவர் என் தலையை இரண்டு கையாலும் பிடித்து, சட்டென்று படுக்க வைத்து, ஒரு பக்கம் திருப்பி, மறுபக்கம் திருப்பி, எழுப்பி உட்கார வைத்தார். "காதுக்குள்ள ஒரு துகள் இடம் மாறிப் போயிருந்துச்சும்மா, இனிமே சரியாயிடும்" என்றார். சரியாகத்தான் ஆனது.

உங்களில் பாதிப் பேருக்கு இது வந்திருக்கும். நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டோம். முட்டியும் கண்ணும் முதலில் போகும் என்று நினைத்திருந்தோம், காது வழியாகவும் வயது உள்ளே வருகிறது. வராதவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். நீட்டி முழக்க எனக்கும் தெம்பில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது அழுதேன். என் அம்மாவுக்கு வந்தது வேறு வகை, தலையைத் திருப்பினால் தீர்ந்துபோகிற வகை இல்லை. ஆனால் அதற்கும் ஒரு பெயர் இருந்தது. அதைப் பார்க்க ஒரு டாக்டரும் தஞ்சாவூரில் இருந்தார், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். அங்கே போய்ச் சேருவதற்குள் எங்கள் குடும்பத்தில் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. அதில் என் பங்கு என்ன என்று அப்பாவைத் தவிர யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, அப்பாவும் போய்விட்டார். உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. குடவாசலுக்கு நாலு மைல் தள்ளி எங்கள் ஊர். அப்பா கொத்தனார், மஸ்கட்டில் வேலை. ஊரில் பாதி வீட்டு ஆண்கள் அப்படித்தான், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். குடவாசலில் எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டிருந்தது, ஆனால் மஸ்கட்டுக்குப் பேசினால் மீட்டர் ஓடுகிற ஓட்டத்தில் பேச்சே மறந்துவிடும். அதனால் நாங்கள் கேசட்டில்தான் பேசினோம்.

நினைவிருக்கிறதா உங்களுக்கு? லீவு முடிந்து திரும்பிப் போகிற யாராவது ஒருவர் கையில் கொடுத்தனுப்புவோம். அங்கிருந்து வருகிறவர் கையில் அப்பாவின் கேசட் வரும். பெட்டியைத் திறந்தால் செண்ட் வாசனையும் பிளாஸ்டிக் வாசனையும் கலந்து அடிக்கும். அப்பா பேசும்போது பின்னால் ஏ.சி. இரைவதும், யாரோ இருமுவதும், வெங்காயம் வதங்குகிற சத்தமும் கேட்கும். அந்த அறையை நான் பார்த்ததே இல்லை, காதால் மட்டும் தெரியும். அப்பா முதல் தடவை வந்தபோது கொண்டுவந்த டூ இன் ஒன் டேப் ரெக்கார்டர், அவருடைய அக்காவின் வீட்டில் இருந்தது. மூத்தவள் என்று அவளுக்குக் கொடுத்திருந்தார். இரண்டு வீடு தள்ளி இருந்த இந்த அத்தையின் வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எல்லோரும் பேசுவோம். கேசட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது: கஷ்டத்தைப் பேசக் கூடாது. தனியாகக் கிடக்கிற மனுஷன், கேட்டுவிட்டு யாரிடம் போய் அழுவார்? அம்மா அந்தச் சட்டத்தை மீறியதே இல்லை.

அந்த வருடம் குறுவைக்குத் தண்ணீர் வந்து சில வாரங்களில் அம்மா மாதா கோயிலில் விழுந்தாள். சாமியார் அப்பத்தை உயர்த்த, எழுந்தேற்ற மணி அடித்தபோது எல்லோரும் முழங்காலில் நின்றோம். மணி ஓய்ந்து எழுந்தபோது அம்மா மட்டும், சுவரில் சாய்த்த ஏணி நழுவுவது போல இடது பக்கமாகச் சரிந்தாள். முக்காடு விலகி, கண் ஒரு பக்கமாகத் துடித்துக்கொண்டிருந்தது. வெளியே தூக்கிப் போனதும் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தாள். இரண்டு மணி நேரம் தரையைப் பிடித்தபடி கிடந்தாள். "தரைய யாராவது புடிங்களேன்" என்று முனகினாள். பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா போய் அப்போது பதினாலு மாதம்.

பித்தம் என்றார்கள். சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். காதுக்குள் இரைச்சல் என்று அவள் சொன்னதும், தண்ணீர் புகுந்துவிட்டது என்று பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் ஊற்றினார்கள். அம்மா பகலெல்லாம் கேட்பாள், "யாருடி அது, மோட்டாரப் போட்டுட்டு நிறுத்தாம போனது?" கொல்லையில் எந்த மோட்டாரும் ஓடாது. அது அவள் இடது காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கூப்பிட்டால் தப்பான பக்கம் திரும்புவாள். சத்தம் எந்தப் பக்கம் முதலில் வந்து சேர்கிறது என்பதை வைத்துத்தான் திசை தெரியும், அதற்கு இரண்டு காதும் வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அப்போது ஊருக்குத் தெரியவில்லை. வயலில் மடை மாற்றிக்கொண்டு நிற்கிறவளை இந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வாள். "மஸ்கட் காசு வந்தாச்சுல்ல, இனிமே நம்மளை எங்க திரும்பிப் பாக்கப் போறா" என்று நடவுக்கு வந்தவர்கள் பேசினார்கள். வரப்பில் நடக்கும்போது கையை விரித்துக்கொண்டு நடந்தாள். இருட்டிவிட்டால் வரப்பில் காலே வைக்க மாட்டாள். பகலில் கண்ணை நம்பி நடந்திருக்கிறாள் போல.

வாரத்தில் இரண்டு தடவையாவது சுற்றும். சுற்றினால் வாந்தி. பக்கத்து வீட்டில் நெல் அவிப்பார்கள். ஊறிய நெல்லின் புளிப்பு வாசனை ஆவியோடு வந்தாலே அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுவாள். குமட்டலுக்கு இதமாக இருக்கிறது என்று எலுமிச்சம்பழத்தை நாலாக வகிர்ந்து உப்புத் தொட்டு உறிஞ்சுவாள். நார்த்தங்காய் ஊறுகாயை வெறும் வாயில் போட்டுக்கொள்வாள். நெல் அவித்துக்கொண்டிருந்த அந்த வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டு, யாரிடமோ சொன்னாள்: "மசக்கக்காரி மாதிரில்ல இருக்கு."

மசக்கை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அம்மாவோடு சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. அத்தை ஒருநாள் எங்கள் அடுப்படிக்கு வந்து, என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, அம்மாவிடம் தணிந்த குரலில் என்னவோ கேட்டாள். அம்மா கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேடையில் வைத்த சத்தம் மட்டும் எனக்கு வெளியே கேட்டது.

எனக்கு ஒரே பயம்தான், அம்மா செத்துப்போய்விடுவாள் என்று. அந்த மாதம் முழுக்க நான் வேறெதையும் நினைக்கவில்லை.

அடுத்த ஊர்க்காரர் ஒருவர் மறுநாள் மஸ்கட் கிளம்புகிறார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரமாகக் கேசட் பேசினோம். முதலில் அம்மா. "நாங்கல்லாம் நல்லா இருக்கோம். நாத்து நட்டாச்சு. வெயில்ல நிக்காதீங்க." அவ்வளவுதான். தலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அப்புறம் அத்தை நெடுநேரம் பேசினாள். கோயில் வர்ணம் அடித்தது, பசு கன்று போட்டது, எல்லாம். பிறகு என்னை முன்னால் உட்கார வைத்தாள். அந்த நேரம் பார்த்து அவள் அடுப்படிக்குள் கோழி புகுந்து எதையோ உருட்டிவிட்டது. "பேசிட்டு இந்தப் பித்தானை அமுக்கிடு" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நானும் டூ இன் ஒன்னும் மட்டும் இருந்தோம். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் மைக்குக்குக் கிட்டத்தில் வாயை வைத்துச் சொன்னேன்: "அப்பா, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. அடிக்கடி தலை சுத்துதுன்னு படுத்துக்குது. வாந்தி எடுக்குது. நெல்லு அவிச்ச வாசனை வந்தா ஓடுது. எலுமிச்சம்பழமா தின்னுது. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எல்லாரும் மறைக்கிறாங்க. சீக்கிரம் வாங்கப்பா."

அமுக்கினேன். அத்தை கையில் இறகோடு திரும்பி வந்தாள். "பேசிட்டியா?" "பேசிட்டேன் அத்தை." கேசட்டைக் காகிதத்தில் சுற்றிச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினாள்.

என்னைக் கேட்டால் அதில் ஒரு பொய் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். அப்பா வர வேண்டும், அதற்கு எவ்வளவு சொன்னால் வருவாரோ அவ்வளவையும் சொன்னேன். பதினாலு மாதமாக மனைவியைப் பார்க்காத ஓர் ஆணின் காதில் அது எப்படிப் போய் விழும் என்று அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

மூன்று வாரம் கழித்து அப்பாவிடமிருந்து பதில் வந்தது. கேசட் இல்லை, கடிதம். அதுவும் அத்தை பேருக்கு. அத்தை அதை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்தாள். அவளுக்கு என்ன, யார் காரணம் என்று விசாரித்து உண்மையை எழுது, இல்லையென்றால் நான் இனி ஊர்ப்பக்கம் வருவதாக இல்லை என்று அப்பா எழுதியிருந்தார். அதை நான் பின்னால் எடுத்துப் படித்தேன்.

"நீங்கதான சொன்னீங்க அண்ணி?" என்றாள் அம்மா.

"நான் சொல்லல. மாதா மேல சத்தியமா அந்தக் கேசட்டுல இதப் பத்தி ஒரு வார்த்த நான் பேசல."

"அப்ப காத்து போய்ச் சொல்லுச்சா மஸ்கட்டுக்கு? என்னை வந்து கேட்டது நீங்கதான? நாள் தள்ளிப் போயிருக்கான்னு கேட்டது நீங்கதான?"

"கேட்டேன். இல்லேங்கல. ஊரு பேசுது, கேட்டேன். ஆனா அவன்கிட்ட சொல்லல."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் போதும். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், அப்படி ஒரு முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்த முகம் என் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

அத்தை கெட்டவள் இல்லை. பேச்சுதான் கடுசு, அவ்வளவுதான். அவள்தான் மறுநாள் அம்மாவை மன்னார்குடிக்கு அழைத்துப் போனாள். "ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லன்னு எழுதி வாங்கிட்டு வந்துருவோம், கெளம்பு" என்றாள். கூப்பிட்டால் அம்மாவுக்குக் காது கேட்காதே, துணைக்கு இருக்கட்டும் என்று என்னையும் கூட்டிப் போனார்கள். லேடி டாக்டரின் அறை வாசலில் அம்மா கையில், சிறுநீர் பிடித்து வர ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொடுத்தார்கள். அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் நடந்து போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கர்ப்பம் இல்லை என்றார் டாக்டர். "அப்படின்னு எழுதிக் குடுங்க டாக்டரம்மா" என்றாள் அத்தை. டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்கு எழுதணும்? யார்கிட்ட காட்டறதுக்கு?" அதுவரை வாயே திறக்காத அம்மா சொன்னாள்: "எழுதிக் குடுங்க. எனக்கு வேணும்." டாக்டர் அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விரலை அவள் முகத்துக்கு முன்னால் பிடித்து ஒரு பக்கமாக நகர்த்திப் பார்க்கச் சொன்னார். கண் நிலையாக நிற்காமல் துள்ளித் துள்ளி வந்தது. இரண்டு காகிதம் எழுதினார். ஒன்று அம்மா கேட்டது. இன்னொன்று தஞ்சாவூர் காது டாக்டருக்கு.

தஞ்சாவூர் டாக்டர் இரும்புக் கவட்டை ஒன்றை இரையும்படி தட்டி அம்மாவின் நெற்றி நடுவில் வைத்தார். "சத்தம் எந்தப் பக்கம் கேக்குது?" "வலது பக்கம்." நடுவில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் எப்படிக் கேட்கும் என்று எனக்கு ஆச்சரியம். அவர் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டார். காது வேலை செய்வதைப் பற்றி நான் இன்றுவரை படித்ததில் அந்தத் தாளுக்கு மேல் தெளிவானது ஒன்றும் இல்லை.

"காது ரெண்டு வேல பாக்குதும்மா. உள்ளாற நத்தை ஓடு மாதிரி ஒண்ணு சுருண்டு கெடக்கு, அது கேக்கறதுக்கு. அதோட ஒட்டினாப்ல மூணு வளையம், அது நாம விழாம நிக்கறதுக்கு. ரெண்டும் ஒரே வாய்க்கால். தலைய அசைச்சா உள்ள தண்ணி அசையும். அத வச்சுத்தான் எந்தப் பக்கம் சாயுறோம்னு மூளைக்குத் தெரியும். உங்களுக்கு இடது பக்கம் அந்தத் தண்ணி அளவுக்கு மேல கட்டிக்குது. வாய்க்கால்ல தண்ணி கட்டினா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"வாந்தி ஏன் டாக்டர் வருது?" என்று கேட்டது அத்தை. அவளுக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

"கண்ணு சொல்லுது, நிக்கறோம்னு. காது சொல்லுது, சுத்தறோம்னு. மூளைக்கு எத நம்பறதுன்னு தெரியல. ஏதோ விஷத்த சாப்பிட்டுட்டோம் போலன்னு வயித்தக் காலி பண்ணச் சொல்லிடுது. கொமட்டல் இருக்கறப்ப மூக்குக்கு நல்ல வாசனையும் ஆகாது. உப்பக் கொறைங்க. உப்பு தண்ணியப் புடிச்சு வைக்கும்."

"எலுமிச்சம்பழத்த உப்புத் தொட்டுத்தான் டாக்டர் தின்னுக்கிட்டு இருக்கா."

டாக்டர் பேனாவை மூடினார். "அத நிறுத்துங்க மொதல்ல." இழந்த கேட்கும் சக்தி திரும்பி வராது, சுற்றல் போகப் போகக் குறையும் என்றும் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த அத்தை எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "ஒன்னை சந்தேகப்பட்டேன், அது நெசம். அதுக்கு நீ என்ன வேணா சொல்லு. ஆனா அவன்கிட்ட நான் சொல்லலடி" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். அம்மா, "போதும் அண்ணி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். நான் அம்மா பக்கத்தில், முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மாதம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோதுகூட, பென்சில் திருடினேன், ஜெபத்தில் தூங்கினேன் என்று சொல்லிவிட்டு இதை மட்டும் சொல்லாமல் எழுந்து வந்தேன்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் உப்பு போடுவது நின்றது. அம்மா என்னைத் தனியாகப் போட்டுக்கொள்ளச் சொன்னாள், நான் போட்டுக்கொள்ளவில்லை. முதல் பத்து நாள் சோறு தொண்டையில் இறங்கவில்லை. பிறகு நாக்கு தானாகத் தேட ஆரம்பித்தது. முளைக்கீரைக்கு ஒரு இனிப்பு உண்டு, கத்தரிக்காய்த் தோலுக்கு ஒரு துவர்ப்பு உண்டு, சோற்றுக்கே ஒரு ருசி உண்டு என்று தெரிந்தது. நாக்கு பழகிவிடுகிறது. மனிதர்கள்தான் பழக மாட்டேன் என்கிறார்கள்.

அப்பா சொல்லாமல் வந்தார். ஒரே ஒரு பை. கம்பளி இல்லை, செண்ட் இல்லை, யாருக்கும் ஒன்றும் இல்லை. மஸ்கட்டிலிருந்து ஒருவர் அப்படி வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும், ஏதோ சரியில்லை என்று. கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். அம்மா சோறு போட்டாள். ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பில்ல" என்றார்.

"டாக்டர் போடக் கூடாதுன்னாரு."

பதினேழு மாதம் கழித்து அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். அம்மா உள்ளே போய் லேடி டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பறக்காமலிருக்கச் சொம்பை அதன் மேல் வைத்தாள். அப்பா படித்தார். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் தனியாகத் தஞ்சாவூருக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்கு விஷயம் நன்றாகவே புரிந்துவிட்டது, கொத்தனார் இல்லையா. என்னிடம்தான் சொன்னார்: "ரசமட்டம் பாத்திருக்கல்ல? குமிழி நடுவுல நின்னாத்தான் செவுரு நேரா வரும். உங்கம்மாவுக்குக் குமிழி நிக்க மாட்டேங்குது." என்னிடம் சொன்னாரே தவிர அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சிமெண்டு வாங்கி வந்தார். அடுப்படிப் படியிலிருந்து கிணற்றடி வரைக்கும், பிடித்துக்கொண்டு நடக்க ஒரு கைப்பிடிச் சுவர் கட்ட ஆரம்பித்தார். இடுப்பு உயரம், மேலே உருண்டையாகப் பூசி, கை வழுக்காமல் சொரசொரப்பாக விட்டிருந்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷன், தெரிந்த வேலையைச் செய்தார். அது எனக்கு இப்போது புரிகிறது.

அந்தச் சுவருக்கு நான் செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது நாள், கரண்டியை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல் அப்பா சொன்னார்:

"அந்தக் கேசட்டை அங்கயே உடைச்சுப் போட்டுட்டேன். நீ யார்கிட்டயும் சொல்லாத."

எடுத்த செங்கல்லைக் கீழே வைத்துவிட்டேன்.

"பெத்த பொண்ணு வாயாலதான் வந்துச்சுன்னு தெரிஞ்சா உங்கம்மா தாங்க மாட்டா. அக்கா சொன்னதாவே இருந்துட்டுப் போவட்டும். அக்கா தாங்கிக்குவா."

அப்படி ஒரு கணக்கு. யார் எவ்வளவு தாங்குவார்கள் என்று பார்த்து, பாரத்தை அவளிடம் ஏற்றிவிட்டார். நானும் தலையாட்டினேன். அப்பாவே சொல்லிவிட்டார் என்று அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

அம்மா அந்தச் சுவரைத் தொடவே இல்லை. சுற்றல் வந்த நாளில்கூட அதற்கு ஒரு முழம் தள்ளி, கையை விரித்துக்கொண்டு, ஆடி ஆடி நடந்து போவாளே தவிர அதன் மேல் கை வைக்க மாட்டாள். ஒருதடவை அதன் பக்கத்திலேயே விழுந்து முழங்கை பெயர்ந்தது. அப்பா பார்த்துக்கொண்டே நின்றார்.

இன்னொன்றையும் செய்தாள். அவரோடு எங்கே உட்கார்ந்தாலும் கேட்காத காது அவர் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தாள். கோயிலில், பஸ்ஸில், சாப்பிடும் இடத்தில், எல்லா இடத்திலும். அவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், போவார். கடைசியில் ஒரேயடியாகத் திரும்பி வந்து ஊரிலேயே இருந்தார். இருபது வருடத்துக்கு மேல் அவர் அந்த இடது காதோடுதான் குடும்பம் நடத்தினார். அவர் தப்பி வலது பக்கம் வந்துவிட்டால் அவள் எழுந்து இடம் மாறிக்கொள்வாள். ஒன்றும் சொல்ல மாட்டாள், முகத்தில் கோபமும் இருக்காது. அவர் கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது கஞ்சி ஊட்டியவளும் அவள்தான். எந்தப் பக்கம் உட்கார்ந்து ஊட்டினாள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அத்தையோடு பேச்சு வார்த்தையே அறுந்துவிட்டது. என் கல்யாணத்துக்கு அத்தை கோயிலில் கடைசி வரிசையில் நின்று பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் போனாள். அதற்கு முன்னால் ஒருநாள், நான் பெரியவளான பிறகு, குளத்தங்கரையில் என்னைத் தனியாகப் பிடித்தாள். "அன்னிக்கு நான் கோழி வெரட்டப் போனப்ப நீ என்ன பேசின?" என்று கேட்டாள். "பள்ளிக்கூடத்துப் பாட்டுப் பாடினேன் அத்தை" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லா பாடியிருக்க" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளும் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அம்மா தஞ்சாவூரில் என்னோடு இருக்கிறாள். சுற்றல் எப்போதோ நின்றுவிட்டது. வலது காதும் மந்தமாகிக்கொண்டு வருகிறது. அந்தக் காதில் மெஷின் வைத்திருக்கிறோம். இந்தத் தை மாதம் ஒருநாள் காலை எட்டு மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தது. அத்தை போய்விட்டாள், மூன்று மணிக்கு எடுக்கிறார்கள் என்றார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "நீ போய்ட்டு வா. நான் வரல" என்றாள்.

"ஒருதரம் மொகத்தப் பாத்துட்டு வந்துரலாம்மா."

"என்னைப் பத்தி அப்படி ஒரு வார்த்தையை கடல் தாண்டி அனுப்பிச்சவ மொகத்த நான் எதுக்குப் பாக்கணும்?"

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அப்பா இல்லை, இனி அத்தையும் இல்லை. இன்றைக்குச் சொல்லவில்லை என்றால் பிறகு சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை. சொன்னால் வருவாள், குழிக்குப் போவதற்குள் அந்த முகத்தை ஒரு தடவை பார்ப்பாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் தோளைத் தொட்டுக்கொண்டு, "அம்மா, அத்தை சொல்லல. அந்தக் கேசட்டுல பேசினது நான்தான். நீ செத்துருவன்னு பயந்து நான்தான் அப்பாகிட்ட சொன்னேன்" என்று முழுவதையும் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

தெரியாமல் உட்காரவில்லை. தோளில் என் கை இருந்ததால் நான் ஏதோ பேசுகிறேன் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. திரும்பி என் வாயைப் பார்த்தாள். "என்னடி முணுமுணுக்கிற? இந்தப் பக்கம் வந்து சொல்லு" என்றாள்.

எழுந்தேன். கட்டிலைச் சுற்றி நாலு அடி. போய் அவளுடைய வலது பக்கத்தில் நின்றேன். அவள் மெஷினைச் சரிசெய்துகொண்டு, காதை என் பக்கம் சாய்த்துக் காத்திருந்தாள்.

"காப்பி போடட்டுமாம்மா?" என்று கேட்டேன்.